கோட்டையைக் கண்டவர் துறையைக் கண்டாரா?

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தின் ஓரங்களில் வேன்களும் சிற்றுந்துகளும் வரிசையாக நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். முன்கண்ணாடியில் பங்கின் பெயரோ அன்பியத்தின் பெயரோ எழுதிய துணிப்பட்டை. கூரையில் பாத்திரங்களும் அடுப்பும். உள்ளே உறக்கக் கண்களோடு குழந்தைகள். துண்டு விளம்பரத்தில் ‘ஒருநாள் ஆன்மிக, கலாச்சாரச் சுற்றுலா’ என்று அச்சிட்டிருக்கும். தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என ஐந்து ஊர்கள், மூன்று வேளை உணவு, ஒரே கட்டணம். இத்தகைய பயணங்களை நாம் பழிக்க வரவில்லை. ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்த குடும்பம் ஒருநாள் கடற்காற்று வாங்குவதை எந்த இறையியலும் தடுக்கவில்லை. ஆனால் ‘கலாச்சாரம்’ என்ற சொல்லை விளம்பரத்தில் அச்சிட்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த ஐந்து ஊர்களில் மக்களுக்கு எதைக் காட்டுகிறீர்கள்?

தரங்கம்பாடியில் டேனியர் கோட்டையின் முன் குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாகப்பட்டினம் பேருந்தின் சன்னலுக்கு வெளியே ஓடி மறைகிறது. வேளாங்கண்ணியில் திருப்பலி, மொட்டை, மெழுகுவர்த்தி, பொரித்த மீன். மறுநாள் விடியுமுன் மீண்டும் சத்திரம். இதுதான் பயணம். கோட்டை பார்த்தாயிற்று, கடல் பார்த்தாயிற்று. அந்தக் கடலின் வழியாக யார் போனார்கள், ஏன் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை எவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. துறைமுக ஊருக்குப் போய்த் துறையைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் திரும்புவது கலாச்சாரச் சுற்றுலா ஆகாது என்பதே நம் வாதம்.

கோட்டை சொல்லாத கணக்கு

தரங்கம்பாடிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 1620-ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே கால் ஊன்றினர். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதையும், அங்கே தமிழ் அச்சகம் எழுந்ததையும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததையும் நம் மக்களில் சிலர் அறிவர். சீர்திருத்த சபையார் செய்த அத்தொண்டை நாமும் நன்றியோடு போற்றுகிறோம். ஆனால் அதே டேனிய அரசுக்கு அதே காலத்தில் உலகின் மறுகோடியில், கரீபியக் கடலில், சார்லட் அமாலி என்றொரு துறைமுக நகரம் இருந்தது என்பதை எந்த வழிகாட்டி சொல்கிறார்?

1672 முதல் செயின்ட் தாமஸ் தீவு டேனியர் வசம் இருந்தது; அத்தீவின் துறைமுகமே சார்லட் அமாலி. அங்கும் பக்கத்துத் தீவாகிய செயின்ட் குரோயிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆப்பிரிக்கக் கினியாக் கரையில் அம்மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களுள் ஒன்று இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த துணி தரங்கம்பாடியில் கப்பலேறி, டென்மார்க்கைச் சென்றடைந்து, அங்கிருந்து ஆப்பிரிக்கா போய், ஒரு தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட மகனுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. நெய்தவர் அறிந்திருக்க மாட்டார். அவரது தறியின் ஓசைக்கும் அந்த மகனின் கால்விலங்குக்கும் இடையே இருந்த கணக்குப் புத்தகம் தரங்கம்பாடியில் அரசோச்சிய அதே மன்னரின் நாட்டில் எழுதப்பட்டது. டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1848-இல் தங்கள் கரீபியத் தீவுகளின் அடிமைகள் திரண்டெழுந்த பிறகே அங்கே அடிமை முறையை ஒழித்தார்கள். 1917-இல் அத்தீவுகளையும் அமெரிக்காவுக்கு விற்றார்கள். இன்று சொகுசுக் கப்பல்கள் சார்லட் அமாலிக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்து இறக்குகின்றன. வண்ணச் சுவர்களையும் நீலக் கடலையும் கண்டு மகிழ்ந்து திரும்புபவர் அங்கும் உண்டு; அழகிய கட்டடத்தின் முன் நின்று அதன் விலையைக் கேளாமல் திரும்பும் பழக்கம் எந்நாட்டிலும் ஒன்றுதான்.

நம் கரையிலிருந்து போனவர்கள்

‘அது ஆப்பிரிக்கர் கதை, நமக்கென்ன?’ என்பார் உண்டு. அவர்கள் பேருந்தில் இன்னும் சிறிது தூரம் தெற்கே வரட்டும். நாகப்பட்டினம் 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அதற்கு அடுத்த ஆண்டுகளிலேயே தஞ்சை நாட்டில் படையெடுப்பும் பஞ்சமும் ஒன்றுசேர்ந்து வந்தன. பசித்த பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். பசித்தவர் தம்மையே விற்றார்கள். வாங்குவதற்கு ஒல்லாந்தர் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், ஏற்றப்பட்டனர். காவிரிப் படுகையின் மக்கள் அவர்கள். இன்று சத்திரத்தில் வேன் ஏறும் பலருடைய முன்னோரின் அண்டை வீட்டார்.

இனிக் காரைக்கால். பிரெஞ்சு அரசு 1848-இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்பு மட்டும் ஒழியவில்லை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் தோட்டத்தை விட்டு நீங்கியபோது, முதலாளிகளின் கண் புதுச்சேரி, காரைக்கால் துறைகளின் மேல் விழுந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி, உணவு, திரும்பிவரக் கப்பல் எனப் பேசி ஆள் பிடித்தார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதம் முதல் கூட்டத்தை மார்த்தினிக்குத் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் குவாதலூப்பின் புவான்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் மக்கள் அதில் இருந்தார்கள். அன்று கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாள். சத்திரத்தில் இடமில்லாதவருக்காக மணி அடித்துப் பாடும் அந்த இரவில், பெயர் தெரியாத நாட்டில், மொழி தெரியாத முதலாளிகளின் முன் இவர்கள் நின்றார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர். குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர். கல்கத்தாவிலிருந்து போனவர்களும் அவர்களுள் உண்டு. எனினும் பெரும்பகுதி நம் கரையிலிருந்து போனவர்கள். பலர் திரும்பவே இல்லை.

அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கிறார்கள். தமிழ் பேசத் தெரியாது. பலர் கத்தோலிக்கர். ஆயினும் மாரியம்மன் அங்கே ‘மாலியெமேன்’ என்ற பெயரில் நிற்கிறாள். மதுரை வீரனின் பெயர் உருமாறி வழங்குகிறது. நாகூர் மீராவுக்குக் கொடியேற்றும் வழக்கம்கூட அங்குப் பிழைத்திருக்கிறது. கப்பலேறியவனின் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்த கரையில் இருந்த தர்கா நாகூர் தர்கா. கடலில் காப்பாற்றுவார் என்று நம்பி அவன் கொண்டுபோன பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் கரீபியக் கடலோரம் உயிரோடிருக்கிறது. நம் சுற்றுலா வேன் அதே நாகூரைப் பத்து நிமிடத்தில் கடந்துபோகிறது. அத்தீவுகளின் மக்கள் சிலர் வேர்களைத் தேடிப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வருகிறார்கள். அவர்கள் மறந்துவிட்ட மொழியைப் பேசும் நாமோ, அவர்கள் நினைவில் வைத்திருப்பதை மறந்துவிட்டோம்.

நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே போனவர்களின் கதை இன்னும் அண்மையது. பினாங்குக்கும் மலாயாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகளின் ஆட்களாகவும் போனவர்கள் பெரும்பாலும் ஏறிய துறை அதுவே. ‘ரஜூலா’ கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் திருச்சி, தஞ்சைப் பங்குகளில் இருக்கிறார்கள். வேனில் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் தந்தை அக்கப்பலில் போயிருக்கலாம். அவரை யாரும் கேட்பதில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது.

நம்முடைய செங்கற்களும்

பிறர் பாவத்தை மட்டும் பேசி நாம் நிறுத்தினால் அது நேர்மையாகாது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் தெரியும். அதை அடுத்துள்ள தூய வளனார் கல்லூரி 1844-இல் பிறந்தது திருச்சியில் அன்று, நாகப்பட்டினத்தில். 1883-இல்தான் அது திருச்சிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஆளாக்கிய அக்கல்லூரியின் வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்றொரு புத்தப் பள்ளி இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய அதற்கு முதலாம் இராசராசன் 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக்கினான். கடல்கடந்து வந்த வணிகர் தம் முறைப்படி வழிபடச் சைவ மன்னன் ஒருவன் இடமும் ஊரும் தந்த அருஞ்செயல் அது. கடலோடிகளுக்கு அடையாளமாக நெடுங்காலம் அங்கே ஒரு பழைய செங்கற்கோபுரம் நின்றது. அதை 1867-இல், சென்னை அரசின் இசைவுடன், அங்கே தங்கியிருந்த இயேசு சபையினர் இடித்து அகற்றினர். அவ்விடத்தில் கிடைத்த புத்தர் படிமங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

இதைச் சொல்வதால் நம் விசுவாசத்திற்கு இழுக்கு வந்துவிடும் என அஞ்சுபவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 1992-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செனகல் நாட்டின் கோரே தீவுக்குச் சென்றார். ஆப்பிரிக்கர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட அத்தீவில் நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த அக்கொடுமைக்காக இறைவனின் மன்னிப்பை வேண்டினார். அவரும் ஒரு பழைய துறைமுகத்துக்குத்தான் போனார். படம் எடுத்துக்கொள்ள அவர் போகவில்லை. உண்மையைச் சொன்னதால் திருச்சபை சிறுத்துவிடவில்லை. அண்டைச் சமயத்தாரோடு உரையாடல் எனப் பேசும் நாம், நாகப்பட்டினத்தில் அவர்களுடைய கோபுரம் இருந்த இடத்தை நம் மக்களுக்குக் காட்டவும் துணிய வேண்டும்.

மறுப்புரைகளுக்கு விடை

‘மக்கள் மகிழ்ச்சிக்காக வருகிறார்கள், சோகக் கதை எதற்கு?’ என்கிறார்கள். இஸ்ரயேல் மக்களின் பெருவிழா எது? பாஸ்கா. அவ்விருந்தில் குழந்தை கேள்வி கேட்க வேண்டும், தந்தை அடிமைத்தனத்தின் கதையைச் சொல்ல வேண்டும் என்பது முறை. கசப்புக் கீரையும் உணவின் ஒரு பகுதி. அந்த விருந்தில் மகிழ்ச்சி குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. நம் நற்கருணையே நினைவின் விருந்துதான். நினைவுகூரச் சொல்லி ஆண்டவர் விட்டுச்சென்றதை ஞாயிறுதோறும் கொண்டாடும் மக்கள், திங்கள் முதல் சனிவரை மறதியைக் கொண்டாட இயலாது.

‘வரலாறு பேராசிரியர்களின் வேலை’ என்பது அடுத்த மறுப்பு. கரீபியக் கரையின் இன்னொரு துறைமுகமான கார்த்தஹேனாவுக்கு 1610-இல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பின்னர் அங்கேயே குருவானார். அடிமைக் கப்பல் துறையைத் தொட்டவுடன் தண்ணீரும் பழமும் மருந்தும் சுமந்துகொண்டு கப்பலின் அடித்தளத்துக்கே இறங்கிப் போவது அவர் வழக்கம். புனித பேதுரு கிளாவர் அவர். 1888-இல் புனிதர் பட்டம் பெற்றார். நகரத்தின் மதில்களைக் கண்டு வியந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர் மதிலைப் பார்க்கவில்லை; கப்பலின் அடியைப் பார்த்தார். இன்று அந்நகருக்குப் போகும் பயணிகள் அவர் பெயரால் வழங்கும் ஆலயத்தையும் காண்கிறார்கள். அடித்தளத்தில் கிடப்பவரைக் காண்பதற்குப் பேராசிரியர் பட்டம் தேவையில்லை.

‘பழையதைக் கிளறி என்ன பயன்?’ என்பது மூன்றாவது. பயன் உண்டு. 1853-இல் ஆள் பிடித்தவன் வெள்ளையன் மட்டும் அல்லன். ஊருக்குள் வந்து இனிக்கப் பேசியவன் நம் மொழி பேசியவன். நம் சந்தையில் உட்கார்ந்தவன். 2022-ஆம் ஆண்டு, கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களை அழைத்துச் சென்ற முகவர்களின் பேச்சும் பழைய பேச்சுதான்: நல்ல சம்பளம், உணவு, திரும்பி வரலாம். கப்பல் விமானமாயிற்று; துறைமுகம் விமான நிலையமாயிற்று. திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் நாள்தோறும் நம் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நல்ல முறையில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை வேறு; கேளாமல் கையெழுத்திடும் பிள்ளை வேறு. நாகப்பட்டினத்துக் கரையில் நின்று ஒருமுறை அந்தக் கதையைக் கேட்ட இளைஞன் முகவர் முன் இரண்டு கேள்வியாவது கேட்பான். அந்த இரண்டு கேள்விகளுக்காகவே இவ்வளவும் எழுதுகிறோம்.

‘வேளாங்கண்ணி அன்னையைக் கண்டோமே, போதாதா?’ என்பது இறுதி மறுப்பு. அன்னையின் திருத்தலத்தைப் போர்த்துகீசிய மாலுமிகள் புயலிலிருந்து தப்பிய நன்றிக்கடனோடு இணைத்துப் பேசுவது நம் மரபு. ஆகவே அத்தலத்தின் நினைவிலேயே கடலும் கப்பலும் கலந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலையில் அக்கடல் பொங்கியபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திருப்பயணிகளும் மீனவர்களும் அதில் அடக்கம். நாம் பேரம் பேசி மீன் வாங்கும் கரையில், பிள்ளைகளை இழந்த தாய்மார் இன்னும் கூடை சுமக்கிறார்கள். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் காணாமல் போகவில்லை. கண்டார்கள், கண்டு விலகிப் போனார்கள். அவர்களும் ஆன்மிகப் பயணத்தில் இருந்தவர்களே.

செய்ய வேண்டியவை

குறை மட்டும் கூறி நிறுத்த நாம் விரும்பவில்லை. பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் எளிதில் செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறோம்.

ஐந்து ஊர்களை இரண்டாகக் குறையுங்கள். பயணத்துக்கு முந்திய ஞாயிறு மாலை ஒருமணி நேரம் மக்களைக் கூட்டி, உலகப் படத்தை விரித்து, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், காரைக்காலிலிருந்து குவாதலூப்புக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கல்லூரியில் வரலாறு பயிலும் பங்கு இளைஞர் ஒருவரே அதைச் செய்ய முடியும். அந்தந்த ஊர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி உரிய ஊதியம் கொடுங்கள். உணவையும் அவ்வூரிலேயே வாங்கி உண்ணுங்கள். திருச்சியிலிருந்து அரிசி முதல் அப்பளம் வரை ஏற்றிச் சென்று, குப்பையை மட்டும் மீனவர் கரையில் விட்டுவருவது விருந்தினர் பண்பு அன்று.

நாகப்பட்டினத்துக் கரையில் ஒருமணி நேரம் நில்லுங்கள். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கப்பட்டதைச் சொல்லுங்கள். அதே துறையிலிருந்து முன்பு விலங்கோடும் ஒப்பந்தத்தோடும் போனவர்களையும் சொல்லுங்கள். கடலிலேயே இறந்து, கல்லறையும் திருச்சடங்கும் இன்றிப் போனவர்களுக்காக ஒரு மன்றாட்டுச் சொல்லுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நாம் மந்திரிக்கும் கல்லறைகளுள் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அன்றைய மன்றாட்டுகளில் அவர்களுக்கென ஒன்றைச் சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

இறுதியாக, திரும்பும் வழியில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு முதியவர்களைப் பேசச் சொல்லுங்கள். இரங்கூனுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் பினாங்குக்கும் போனவர் குடும்பத்தில் யார், எந்த ஆண்டு, திரும்பினாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடிதமோ கடவுச்சீட்டோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதைக் கறையானுக்கு விடாதீர்கள். அரசனின் கொடையைச் செப்பேட்டில் வெட்டினார்கள். கூலியின் பயணத்தை எழுதி வைக்க நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்னும் பத்தாண்டு தாமதித்தால் கேட்பதற்கும் ஆள் இருக்கமாட்டார்.

வேன்காரர் கட்டணம் கூட்டப் போவதில்லை. சமையற்காரர் கோபிக்கப் போவதில்லை. வேண்டுவது ஒருமணி நேரமும், கேட்கும் மனமும் மட்டுமே. அதையும் தர இயலாத பங்குகள் தங்கள் துண்டு விளம்பரத்திலிருந்து ‘கலாச்சாரம்’ என்ற சொல்லையும் ‘ஆன்மிகம்’ என்ற சொல்லையும் அடித்துவிட்டு, ‘இன்பச் சுற்றுலா’ என்று மட்டும் அச்சிடட்டும். அதில் பாவமில்லை, பொய்யும் இராது.